வகுப்பறையில் வில்லியம் யேம்ஸ்

உளவியல் கற்பிப்போருக்கென்றே அமைந்த சங்கடம் ஒன்று உண்டு. கேத்திரகணித ஆசிரியர் முக்கோணத்தின் இயல்பை விளக்கும்போது, அந்த முக்கோணம் அவர் முன்னே வாங்கில் அமர்ந்து கொட்டாவி விடுவதில்லை. உளவியல் ஆசிரியரின் நிலை அத்தகையதன்று. அவர் அவதானத்தின் இலக்கணத்தை விரித்துரைத்துக் கொண்டிருக்க, அவதானமோ அவர் கண்ணெதிரே யன்னல் வழியாக வெளியேறிவிடும். ஞாபகத்தைப் பற்றி அவர் சொன்னவற்றை மாணவர் மறுநாளே மறந்துவிடுவர். கற்பிக்கும் பொருளும் உள்ளமே; அதனை ஏற்கும் கலமும் உள்ளமே. கலம் ஓட்டையாயிருந்தால் அதனைப் பற்றிய பாடமும் அவ்வோட்டை வழியே ஒழுகிப் போகும்.

யான் தமிழ் கற்பிப்பவன். இலக்கணமும் இலக்கியமுமே எனக்குரிய துறை. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன், யான் பணிபுரியும் கீழைத்தேயக் கல்லூரியிலே, ஆசிரியத் தொழிலை நாடும் மாணவர்க்குக் கல்வி உளவியலும் கற்பித்தல் வேண்டும் என முடிவாயிற்று. வேறொருவர் கிடைக்காமையால் அப்பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. யான் என்ன செய்தேன்? நூலொன்றைச் சுருக்கிக் குறிப்பாக்கி, சூத்திரத்துக்குக் கருத்துரை சொல்வதுபோல ஒவ்வொரு வரைவிலக்கணமாகச் சொல்லி எழுதுவித்தேன். அவதானத்தின் இயல்புகள் இத்தனை, ஞாபகத்தின் வகைகள் இத்தனை என்று எண்ணிட்டுக் கொடுத்தேன். மாணவர் எழுதினர், மனனஞ் செய்தனர், பரீட்சையில் தேறினர். யானும் மகிழ்ந்திருந்தேன்.

அவர்களுள் ஒருவர், ஆசிரியராகிச் சிறிய பாடசாலையொன்றுக்குச் சென்றவர், ஓராண்டு கழித்து என்னைக் காண வந்தார். முகம் வாடியிருந்தது. பரீட்சைத்தாளிலே அவதானத்தின் இயல்புகள் அனைத்தையும் பிழையற எழுதித் தாம் அதிக புள்ளி பெற்றதையும், ஆறாந் தரத்துப் பிள்ளைகள் கடைசிப் பாடவேளையில் தம்மை ஏறெடுத்தும் பாராதிருப்பதையும் ஒருங்கே சொன்னார். குறை கூறும் நோக்கம் அவருக்கு இல்லை. ஐயா ஏதாவது வழி சொல்லவேண்டும் என்றே கேட்டார். அன்று யான் சொல்லத்தக்கது எதுவும் என்னிடம் இருக்கவில்லை. அவரை வழியனுப்பிவிட்டு வந்து என் குறிப்புக் கொப்பியைப் புரட்டியபோது எனக்கே நாணமாயிருந்தது.

இந்த நாணத்தோடு தேடிய காலத்திலேதான், நண்பர் ஒருவரின் புத்தகத் தட்டிலிருந்து வில்லியம் யேம்ஸ் ஆசிரியர்களுக்கு நிகழ்த்திய உளவியற் பேச்சுக்களின் தொகுதி என் கைக்கு வந்தது. 1899ஆம் ஆண்டில் வெளியான நூல். அதனை வாசித்த பின்னர், அவ்வாறு எழுதக்கூடியவர் எத்தகைய ஆசிரியராய் இருந்திருப்பார் என அறியும் ஆவல் மிகுந்தது. அவருடைய சரிதத்தைத் தேடிப் படித்தேன். உளவியல் கற்பிப்போர் எவரும் அறிந்துகொள்ளவேண்டிய சரிதம் அது என்பது என் துணிபு.

வில்லியம் யேம்ஸ் 1842ஆம் ஆண்டு சனவரி மாதம் 11ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி யேம்ஸ் முன்னோர் தேடிவைத்த செல்வத்தால் வாழ்ந்தவர், சமயச் சிந்தனையாளர், சிறுவயதில் நேர்ந்த தீவிபத்தினால் ஒரு காலை இழந்தவர். பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் நிலைக்க விடாது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே அலைந்து, புதிய புதிய ஆசிரியர்களிடம் ஒப்படைத்தார். இத்தகைய ஒழுங்கற்ற கல்வியிலிருந்து, உலகறிந்த நாவலாசிரியர் ஹென்றி யேம்சும், அவருக்கு மூத்தவராகிய நம் வில்லியமும் தோன்றினர். இதை வைத்துக்கொண்டு ஒழுங்கற்ற கல்வியே சிறந்தது என எவரும் வாதிக்க வேண்டாம். வில்லியம் தமது முப்பது வயது வரையும் தாம் என்னவாக வேண்டும் என்பதை அறியாது தத்தளித்ததற்கு அக்கல்வியும் ஒரு காரணமே.

முதலில் ஓவியராக விரும்பி, நியூபோர்ட் நகரில் வில்லியம் மொறிஸ் ஹன்ற் என்பாரிடம் பயின்றார்; போதிய ஆற்றல் தமக்கில்லை எனக் கருதி அதனைக் கைவிட்டார். 1861இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பகுதியிற் சேர்ந்து இரசாயனம் கற்றார். பின் உடலமைப்பியலுக்கு மாறினார். 1864இல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அதனையும் இடையிலே நிறுத்தி, 1865இல் பேராசிரியர் லூயி அகாசி தலைமையில் அமேசன் நதிப் பிரதேசத்துக்கு மீன்களும் பிற உயிரினங்களும் சேகரிக்கச் சென்ற குழுவோடு புறப்பட்டார். அங்கே அம்மை நோய் வகையொன்று அவரைப் பீடித்தது. சேகரிப்பு வேலை தமக்கு உகந்ததன்று என்பதும் தெளிவாயிற்று. ஆனால் அகாசியிடம் அவர் ஒன்று பெற்றார். மாணவன் முன் ஒரு மீனை வைத்து, நூலைத் தொடாது அதனையே பார், இன்னும் பார் என்று நாட்கணக்கிற் பார்க்க வைப்பவர் அகாசி. கண்முன் உள்ள பொருளை விட்டுவிட்டுச் சொற்களிலே வாழ்பவன் அறிவுடையோன் ஆகான் என்பதை அவரிடம் கற்றதாக யேம்ஸ் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1869இல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் ஒரு நாளும் மருத்துவத் தொழில் செய்தாரல்லர். முதுகுவலி, கண்நோவு, உறக்கமின்மை, இவற்றோடு மனச்சோர்வு. மனிதனின் செயலெல்லாம் இயந்திர கதியில் முன்னரே முடிவாகிவிட்டன என்னும் எண்ணம் அவரை வாட்டியது. அவ்வாறாயின் முயல்வதில் என்ன பயன்? உயிர் வாழ்வதிலேதான் என்ன பயன்? தற்கொலை நினைவும் அவரை அணுகியதுண்டு. 1870ஆம் ஆண்டு ஏப்ரில் மாத இறுதியில் பிரெஞ்சு மெய்யியலாளர் றெனூவியே எழுதிய கட்டுரையொன்றை வாசித்தார். ஒரு நினைவை விட்டு வேறொன்றைப் பற்ற இயலும்போது அதனையே தாங்கி நிற்பதுதான் சுதந்திர இச்சை என்னும் கருத்தை அதிலே கண்டார். அடுத்த ஆண்டு வரையேனும் அது பொய்யன்று எனக் கொண்டு வாழ்வது எனத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நோய் ஒரு நாளில் நீங்கிவிடவில்லை. ஆயினும் சிறு சிறு செயல்களைத் தவறாது செய்து, அவற்றைப் பழக்கமாக்கி, அப்பழக்கத்தின்மேல் தம்மை நிறுத்தலானார். பிற்காலத்தில் பழக்கம் பற்றி அவர் எழுதிய அதிகாரம் மாணவர் நெஞ்சில் தைத்தது ஏன் என்பது இதனை அறிந்த பின்னரே எனக்கு விளங்கிற்று. கரையில் நின்று நீச்சலைப் பற்றிச் சொன்னவர் அல்லர் அவர்.

1872இல் வேலை தானே வந்தது. முன்பு அவருக்கு இரசாயனம் கற்பித்த சாள்ஸ் எலியற் அப்போது ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவராகியிருந்தார். அவர் அழைத்து உடற்றொழிலியல் கற்பிக்கும் பணியைக் கொடுத்தார். நோயாளியாய் வீட்டில் முடங்கியிருந்தவருக்கு, குறித்த நேரத்தில் வகுப்புக்குச் செல்லவேண்டும் என்ற கடமையே பெரும் மருந்தாயிற்று. மாணவர்தாம் ஆசிரியரைக் குணப்படுத்தினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

1875இல் உடற்றொழிலியலுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு பாடத்தை ஆரம்பித்தார். அமெரிக்காவில் அதுவரை உளவியல் என்பது பெரும்பாலும் சமயச் சார்பான மனத் தத்துவமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. யேம்சுக்கு அத்துறையில் ஆசிரியர் எவரும் இருக்கவில்லை. தாம் முதன்முதற் கேட்ட உளவியல் விரிவுரை தாமே நிகழ்த்திய முதல் விரிவுரைதான் என அவர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. அதே ஆண்டளவில் சிறிய அறையொன்றில் சில கருவிகளையும் வைத்து மாணவருக்குப் பரிசோதனைகள் காட்டினார். யேர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்பார் தமது புகழ்பெற்ற ஆய்வுகூடத்தை நிறுவியது இதன் பின்னர், 1879இல்.

அவருடைய வகுப்பு எவ்வாறு நடந்தது? அவரிடம் பயின்றோர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள் பல. அவற்றை வாசிக்கும்போது, குறிப்புச் சொல்லி எழுதுவித்த என் போன்றோருக்குச் சற்று நடுக்கமும் உண்டாகிறது. அவர் மேடையிலிருந்து ஓதுபவர் அல்லர். மாணவர் முன் சிந்திப்பவர். பேசிக்கொண்டே போகையில் சொல்லவந்த கருத்து நழுவிவிட்டால், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என மாணவரிடமே கேட்பார். ஒருமுறை சிறிய கரும்பலகையொன்றை எல்லாரும் காணும்படி வைக்க முயன்றார். கதிரையில் வைத்துப் பார்த்தார். கையிற் பிடித்துப் பார்த்தார். ஈற்றில் நிலத்திலே படுத்துக்கொண்டு ஒரு கையால் பலகையைத் தாங்கி மறு கையால் படம் வரைந்தார். மாணவர்க்கு விளங்கவேண்டும் என்பதன்றி வேறு நினைவு அவருக்கு இல்லை. அவருடைய வேடிக்கைப் பேச்சு மிகுந்துபோன ஒரு நாளிலே, சிறிது நேரம் உண்மையாகவே பாடத்தைப் பார்க்கலாமே என மாணவர் ஒருவர் எழுந்து விண்ணப்பித்தார். அதைக் கேட்டு யாவரிலும் பலமாகச் சிரித்தவர் யேம்ஸ்தானாம். நம் நாட்டில் அந்த மாணவரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

இதனால் எல்லா மாணவரும் மகிழ்ந்தனர் என எண்ணற்க. தெளிவான தலைப்பும் உட்தலைப்பும் வேண்டிய மாணவர்க்கு அவ்வகுப்பு ஒழுங்கற்றதாய்த் தோன்றியது. யேம்சுக்கும் தம் குறை தெரியும். ஆய்வுகூடத்தில் நாள் முழுதும் கருவிகளோடு பொறுமையாய் இருக்கும் இயல்பு தமக்கில்லை என்பதை உணர்ந்து, 1892இல் ஊகோ முன்ஸ்ரர்பேர்க் என்னும் இளம் யேர்மன் அறிஞரை வரவழைத்து ஆய்வுகூடத்தை அவரிடம் ஒப்படைத்தார். தமக்கு இயலாததை இயன்றவரிடம் கொடுத்தல் ஆசிரியருக்கு அரிய குணம். நம்மிற் பலர் இயலாததையும் விடமாட்டோம்.

1878இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. அலிஸ் கிபன்ஸ் என்னும் ஆசிரியை அவருக்கு மனைவியானார். அதே ஆண்டில், ஹென்றி ஹோல்ற் என்னும் பதிப்பாளருக்கு உளவியற் பாடநூல் ஒன்றை இரண்டு ஆண்டில் எழுதித் தருவதாக ஒப்பந்தஞ் செய்தார். இரண்டு ஆண்டு பன்னிரண்டு ஆண்டாயிற்று! 1890இல் உளவியற் றத்துவங்கள் என்னும் பொருளுடைய பெயரோடு, இரண்டு பெருந் தொகுதிகளாய், ஏறத்தாழ 1400 பக்கத்தில் நூல் வெளிவந்தது. அனுப்பும்போதே பதிப்பாளருக்குக் கடிதமெழுதித் தம் நூலைத் தாமே பழித்துக்கொண்டார். உலகமோ அதனை அத்துறையின் தலையாய நூல்களுள் ஒன்றாய் ஏற்றது. மனித நினைவு துண்டு துண்டான மணிகளின் கோவையன்று, ஓடும் நீர் போன்றது என்ற அவர் கருத்திலிருந்தே நனவோடை என்னும் இலக்கியச் சொல் வழக்குக்கு வந்தது. 1892இல் அந்நூலைச் சுருக்கி மாணவருக்கென ஒரு பதிப்புச் செய்தார். மாணவர் பெரிய நூலை யேம்ஸ் என்றும் சிறியதை யிம்மி என்றும் செல்லப் பெயரிட்டு அழைத்தனர்.

அப்பெருநூலில் என்னை மிகவும் தடுமாறச் செய்த பகுதி ஞாபகத்தைப் பற்றியது. பாடம் பண்ணப் பண்ண ஞாபகசத்தி பலப்படும் என்பது நம் பண்டித பரம்பரையின் கொள்கை. யானும் அதிலே வளர்ந்தவன். அது மெய்யா என அறிய யேம்ஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். விக்தோர் யூகோவின் நெடும்பாட்டொன்றில் 158 அடிகளை எட்டு நாளில் மனனஞ் செய்து, அதற்குச் சென்ற நேரத்தைக் குறித்தார். ஏறக்குறைய 132 நிமிடம். அதன்பின் 38 நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடமளவில், மில்ற்றனின் காப்பியத்து முதற் காண்டத்தை மனனஞ் செய்து ஞாபகத்துக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னர் யூகோவின் பாட்டிலேயே வேறு 158 அடிகளை எடுத்தார். பயிற்சியாற் பலன் இருப்பின் நேரம் குறைந்திருக்க வேண்டுமே. அதற்கோ 151 நிமிடத்துக்கு மேற் சென்றது! அப்போது வேறு வேலையாற் களைத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. வேறு சிலரைக் கொண்டும் சோதித்தார். அவர்களுட் சிலருக்கு நேரம் ஓரளவு குறைந்ததையும் மறைக்கவில்லை. ஆயினும், இயற்கையான ஞாபகசத்தி பயிற்சியாற் பெருகுவதில்லை, ஒரு பொருளோடு வேறு பல பொருள்களைப் பிணைத்து வைப்பதனாலேயே நினைவு நிலைக்கிறது என்பது அவர் கொண்ட முடிவு.

முதலில் எனக்குச் சினமே வந்தது. சிறுவயதில் யான் மனனஞ் செய்த நிகண்டு இன்றும் வாயில் நிற்கிறதே என வாதிட எண்ணினேன். பின்னர் நிதானமாக யோசித்தேன். சூடாமணி நிகண்டில் நமக்கு எளிதில் வந்ததும் இன்றுவரை மறவாததும் எது? பதினோராந் தொகுதி. அது எதுகை முறையில் அமைந்தது. ஒரு சொல் அடுத்த சொல்லைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது. எதுகை என்பது யேம்ஸ் சொன்ன பிணைப்பேயன்றி வேறென்ன? நம் முன்னோர் பிள்ளைகளை வருத்தினார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தவர்களும், மனனத்தையே தவமாகக் கொண்ட என் போன்றோரும் ஒருசேரப் பிழைபட்டோம். அவர்கள் நூலையே பிணைப்போடு செய்து வைத்தார்கள். யானோ உளவியற் குறிப்பை எதுகையும் இன்றி, வாழ்வோடு தொடர்பும் இன்றி, வெறும் எண்ணிட்டுக் கொடுத்திருந்தேன்.

ஆசிரியர்களுக்கான பேச்சுக்களின் வரலாறும் சொல்லத்தக்கது. ஹாவாட் அமைந்துள்ள கேம்பிரிட்ஜ் ஊர் ஆசிரியர்களுக்கு உளவியல் பற்றிச் சில பேச்சு நிகழ்த்துமாறு 1892இல் பல்கலைக்கழகம் அவரைக் கேட்டது. பின்னர் வேறு பல ஊர்களிலும் அவற்றை நிகழ்த்தினார். நிகழ்த்துந்தோறும், நுணுக்கமான பகுப்புகளை ஆசிரியர்கள் விரும்புவதில்லை, நடைமுறைக்கு உதவுவதையே விரும்புகின்றனர் என்பதைக் கண்டு, முன்னவற்றைக் களைந்துகொண்டே வந்தார். நூலாகும்போது பெரும்பகுதி எடுத்துக்காட்டுகளே எஞ்சின.

அந்நூலின் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை செய்கிறார். உளவியல் ஒரு விஞ்ஞானம். கற்பித்தல் ஒரு கலை. விஞ்ஞானத்திலிருந்து கலை நேராகப் பிறப்பதில்லை. இடையிலே ஆசிரியனின் சொந்தப் புத்தி நின்று வேலை செய்யவேண்டும். அளவை நூல் கற்றதனால் மட்டும் எவனும் நேராகச் சிந்திப்பதில்லை. அறநூல் கற்றதனால் மட்டும் எவனும் நல்லொழுக்கம் உடையவன் ஆவதில்லை. உளவியலும் அப்படியே. பிழையான வழிகளை அது தடுக்கும். சரியான வழியை வகுப்பறையிலே ஆசிரியனேதான் கண்டறிதல் வேண்டும். உளவியற் பேராசிரியர் ஒருவர், ஆசிரியர் கூட்டத்திலே, என் நூலிலிருந்து மிகுதியாக எதிர்பாராதீர்கள் எனச் சொல்லித் தொடங்குவது எவ்வளவு நேர்மை! மாணவர் மனத்தை அளந்து அட்டவணை போடுமாறு ஆசிரியரை நெருக்கிய அக்காலத்துப் போக்கையும் அவர் விரும்பவில்லை. அது நல்லாசிரியரை வீணாகக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் என்றார்.

அவதானம் பற்றி அவர் சொல்வது என் பழைய மாணவரின் வினாவுக்கு நேரான விடை. வலிந்து செலுத்தும் அவதானம் கணநேரமே நிற்கும். அது மீள மீள இழுத்துவரப்பட வேண்டியது. கவனி கவனி என்று அதட்டும் ஆசிரியர் அக்கணத்தை மட்டுமே பெறுவார். பொருள் மாறிக்கொண்டிருந்தால் அவதானம் தானே நிற்கும். இதற்கு அவர் காட்டும் சோதனை மிக எளிது. சுவரிலோ தாளிலோ ஒரு புள்ளியை இட்டு அதனையே நோக்குக. சிறிது நேரத்தில் புள்ளி மங்கும், அல்லது மனம் வேறிடம் செல்லும். அப்புள்ளி எத்துணைப் பெரியது, என்ன வடிவம், என்ன நிறம், எவ்வளவு தூரத்தில் உள்ளது என வினவிக்கொண்டே நோக்கினால், நெடுநேரம் நோக்க இயலும். பிள்ளைக்கு இயல்பாகவே விருப்பமான ஒன்றிலிருந்து தொடங்கி, புதியதை அதனோடு படிப்படியாக இணைத்துச் செல்க என்பதும் அவர் அறிவுரை.

அதனை வாசித்த வாரமே யான் குறிப்புக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குச் சென்றேன். அந்தப் பழைய மாணவரையும் வரச்சொல்லியிருந்தேன். வெண்கட்டியால் கரும்பலகையின் நடுவே ஒரு புள்ளி இட்டு, மனம் விலகும்போதெல்லாம் தத்தம் தாளில் ஒரு கோடு கிழிக்குமாறு பணித்தேன். மூன்று நிமிடத்தில் கோடு கிழியாத தாள் ஒன்றுமில்லை. பிறகு புள்ளியைப் பற்றி வினாக்கள் கேட்டுக்கொண்டே மீண்டும் மூன்று நிமிடம். கோடுகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு மாணவி மட்டும் முன்னிலும் அதிகமாகக் கிழித்திருந்தார். என் வினாக்களே தம் மனத்தைக் கலைத்தன என்றார். அதைப் பற்றிப் பேசத் தொடங்கி மணி அடித்ததும் தெரியாமற் போயிற்று. வரைவிலக்கணம் ஒன்றும் யான் சொல்லவில்லை. ஈற்றில் மாணவரே ஆளுக்கொன்றாய்ச் சொல்லிப் பார்த்தனர். என் பழைய மாணவர் அந்தப் புள்ளியைத் தம் கொப்பியிலும் இட்டுக்கொண்டு சென்றார்.

யேம்சிடம் பயின்றோர் வரிசையைப் பார்த்தால் வியப்புண்டாகும். வூ. ஈ. பீ. டு போய்ஸ் என்னும் கறுப்பின மாணவர், பின்னாளில் தம் மக்களின் உரிமைக்குப் பெருங்குரல் கொடுத்தவர், அவர் வீட்டுக்கு விருந்தினராய் அழைக்கப்பட்டார். மெய்யியலை நம்பி வயிறு வளர்ப்பது கடினம் என அவருக்கு யேம்ஸ் ஒளிவின்றிச் சொன்னார். எட்வேட் தோண்டைக் என்னும் மாணவர் கோழிக்குஞ்சுகள் எவ்வாறு கற்கின்றன என ஆராயத் தம் வாடகை அறையில் அவற்றை வளர்த்தார். வீட்டுக்காரி மறுத்தாள். யேம்ஸ் பல்கலைக்கழகத்தில் இடங் கேட்டார், கிடைக்கவில்லை. குஞ்சுகளைத் தம் வீட்டு நிலவறைக்கே கொண்டுவரச் செய்தார். யேம்சின் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கல்வி உளவியலின் முன்னோடியாகப் போற்றப்படும் தோண்டைக்கின் ஆராய்ச்சி இவ்வாறு ஆசிரியரின் வீட்டு நிலவறையிலே வளர்ந்தது.

எனினும் மேரி கல்க்கின்ஸ் அம்மையாரின் கதையே எனக்கு எல்லாவற்றிலும் மேலாய்ப் படுகிறது. வெல்சிலி மகளிர் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த அவர் 1890இல் யேம்சிடம் உளவியல் கற்க விரும்பினார். ஹாவாட் பெண்களை ஏற்பதில்லை. யேம்சும் பிறரும் வாதாடியதன் பேரில், மாணவியாய்ப் பதியாமல் விருந்தினராய் இருந்து கேட்கலாம் என்றனர் அதிகாரிகள். ஏனைய மாணவர் முதல் வாரங்களிலேயே அவ்வகுப்பை விட்டு விலகினர். யேம்ஸ் வகுப்பைக் கைவிடவில்லை. நூலகத்துக் கணப்பின் இருபுறமும் ஆசிரியரும் மாணவியுமாக அமர்ந்து, அச்சகத்திலிருந்து புதிதாய் வந்திருந்த அப்பெருநூலைப் பாடங் கேட்பதும் சொல்வதுமாய் அவ்வாண்டு கழிந்தது. கல்க்கின்ஸ் அம்மையார் பின்னர் முன்ஸ்ரர்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் பிணைப்பும் ஞாபகமும் பற்றியே ஆராய்ந்தார். இரண்டிரண்டு உருக்களை இணைத்துக் காட்டி ஞாபகத்தைச் சோதிக்கும் முறை அவர் வகுத்ததே. 1895இல் கலாநிதிப் பட்டத்துக்கான சோதனையில் அவர் காட்டிய திறமைக்கு நிகரானதைத் தாம் அங்கே கண்டதில்லை என யேம்ஸ் புகழ்ந்தார். பெண் என்ற காரணத்தால் ஹாவாட் பட்டம் மறுத்தது. பெண்களுக்கென அமைந்த றட்கிளிஃப் கல்லூரியின் பெயரால் பின்னர் ஒரு பட்டம் தர முன்வந்தபோது அம்மையார் அதனை ஏற்க மறுத்துவிட்டார். 1905இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராய்த் தெரிவான முதற் பெண்மணி அவரே. 1930இல் பட்டம் பெறாமலே காலமானார். பல்கலைக்கழகம் செய்த அநீதியை யேம்சால் நீக்க முடியவில்லை. அந்தக் கணப்பின் அருகே ஓர் இருக்கையை மட்டும் அவரால் கொடுக்க முடிந்தது.

கீழைத்தேய ஞானத்தின்பாலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. சுவாமி விவேகானந்தர் 1896இல் ஹாவாடில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார். அவருக்கும் யேம்சுக்கும் பழக்கம் இருந்தது. சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கியது அதற்கடுத்த சனவரியில். நம் நாட்டு அநகாரிக தர்மபால ஹாவாடுக்குச் சென்றிருந்த காலத்தில், யேம்ஸ் அவரை வகுப்பிலே கண்டு, தம் இடத்தை அவருக்குக் கொடுத்துப் பேசச்செய்து, தாம் மாணவரோடு அமர்ந்து கேட்டார் என ஒரு செய்தி வழங்கிவருகிறது. கேட்பவராய் அமர அறிந்தவர் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்றாதலின், இதனை நம்புவதில் எனக்குத் தடையில்லை.

1898இல் மலையேறியபோது அவர் இருதயம் பழுதுற்றது. ஆயினும் எடின்பரோவிற் சமய அனுபவம் பற்றிய பெரும் விரிவுரைகளை 1901இலும் 1902இலும் நிகழ்த்தினார். 1906 ஏப்ரிலில் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோவை அழித்த பூகம்பம் அவர் படுக்கையையும் உலுக்கிற்று. அச்சத்துக்கு மாறாகத் தமக்கு மகிழ்வே உண்டானதைக் கண்டு, அவ்வியப்பைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். எதிரே கிடைத்தது எதுவாயினும் அதனை உற்றுநோக்குதல் அகாசி ஊட்டிய பழக்கம் அன்றோ! 1907 சனவரியில் ஹாவாடில் தமது இறுதி வகுப்பை நடத்தி, முப்பத்தைந்து ஆண்டுக் கற்பித்தலை முடித்தார்.

1910இல் நோய் தீரும் என ஐரோப்பா சென்று, தீராமலே ஓகஸ்ற் மாதத்தில் மனைவியோடும் தம்பி ஹென்றியோடும் திரும்பினார். நியூ ஹாம்சயரிலே சொக்கோறுவா மலையடிவாரத்தில் அவர் 1886இல் வாங்கிய பழைய வீடொன்று இருந்தது. பதினான்கு கதவுகள் உண்டு, அத்தனையும் வெளிப்புறமாகவே திறப்பவை என அவ்வீட்டைப் பற்றி அவர் பெருமையோடு சொல்வதுண்டு. அந்த வீட்டிலேதான், ஓகஸ்ற் 26ஆம் நாள், தமது அறுபத்தெட்டாம் வயதிலே அவர் உயிர் பிரிந்தது.